90-இல் மட்டும் நடுங்கும் வேன்

கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை செய்யும் அம்மாவோ அக்காவோ அண்ணனோ உங்கள் வீட்டில் இருந்தால், விடியற்காலையில் வாசலில் நின்று ஹாரன் அடிக்கும் தொழிற்சாலை வேனை உங்களுக்கு நன்றாகத் தெரியும். லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களின் தோட்டங்களிலும் தாமான்களிலும் ஆட்களை ஏற்றி, பூங்காவில் ஒவ்வோர் ஆலை வாசலிலும் சிலரை இறக்கிவிட்டு, இரவு வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் வேன் அது.

அந்த வேன் பழையது என்றால், அதில் போகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “வண்டி நடுங்குமா?” பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்: “மெதுவா போனா ஒண்ணும் தெரியாது. 90-க்கு மேல போனா சீட்டுக்கு அடியில குறுகுறுன்னு இருக்கும். இன்னும் வேகம் எடுத்தா கொஞ்சம் அடங்கிடும்.”

எந்த வேகத்தில் நடுங்குகிறது, எப்போது அடங்குகிறது, ஆள் ஏறினால் கூடுகிறதா என்று கேட்டாலே, வேனுக்கு அடியில் குனிந்து பார்ப்பதற்கு முன்பே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்குத் தேவையான கணக்கெல்லாம் உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

முதலில் வேனின் உடலமைப்பைப் பார்ப்போம். டொயோட்டா ஹையேஸ், நிசான் அர்வான் போன்ற வேன்களில் இயந்திரம் முன்னால், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. வண்டியைத் தள்ளுவதோ பின் சக்கரங்கள். நடுவில் உள்ள தூரத்தைக் கடந்து சுழற்சியைக் கொண்டுபோக ஒரு நீண்ட இரும்புக் குழாய் வேண்டும். அதுதான் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். இயந்திரத்தை ஒட்டி கியர்பாக்ஸ், கியர்பாக்ஸின் வாலில் இந்தக் குழாய், குழாயின் மறுமுனையில் பின் அச்சின் டிஃபரன்ஷியல். அங்கே சுழற்சி 90 பாகை திரும்பி இரண்டு சக்கரங்களுக்கும் பிரிகிறது.

இப்போது ஒரு கணக்கு. எளிமைக்காக, டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் வேன் 2 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேன் டயரின் உண்மையான அளவும் இதற்குப் பக்கத்தில்தான். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். ஆகவே டயர் நொடிக்கு 12.5 முறை சுற்றுகிறது. டிஃபரன்ஷியலின் பல் விகிதம் ஏறக்குறைய 4. குழாய் நான்கு முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். அப்படியானால் குழாய் நொடிக்கு 50 முறை, நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது.

12.5, 50. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள். மூன்றாவதாக 100 என்ற எண் கொஞ்சம் கழித்து வரும்.

டயரில் கோளாறு என்றால் நடுக்கம் நொடிக்கு 12 முறை அளவில் இருக்கும். அதைக் கையால் உணரலாம். ஸ்டியரிங் ஆடும், இருக்கை குலுங்கும், ஏறக்குறைய எண்ணிவிடலாம் போல இருக்கும். குழாயில் கோளாறு என்றால் 50. அது குலுக்கல் அல்ல, ரீங்காரம். பாதத்தில் கூசும், கண்ணாடி ஜன்னல் கிறுகிறுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டால் தாடைக்குள் கேட்கும். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் ஒரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு “டயர் இல்ல, ஷாஃப்ட்டு” என்று சொல்வது மந்திரம் அல்ல. அவர் உடம்பு அதிர்வெண்ணை அளக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த சோதனை இன்னும் அழகானது. நடுங்கும் வேகத்தில் போகும்போதே, ஆளில்லாத நேர்ச்சாலையில், மெக்கானிக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவார். இயந்திரத்தை அணைக்கமாட்டார், அணைத்தால் பிரேக் கனத்துவிடும். இப்போது இயந்திரம் அடங்கிவிட்டது, ஆனால் சக்கரங்களும் குழாயும் அதே வேகத்தில் சுழல்கின்றன. நடுக்கம் மறைந்தால் குற்றவாளி இயந்திரப் பக்கம், அல்லது இழுக்கும் சுமையின்போது மட்டும் தலைகாட்டும் ஏதோ ஒன்று. நடுக்கம் அப்படியே இருந்தால் குற்றவாளி கியர்பாக்ஸுக்குப் பின்னால். அறிவியலில் இதைத்தான் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைத்துச் செய்யும் சோதனை என்கிறோம். இதையே வேறு விதமாகவும் செய்யலாம்: அதே 90-இல் ஐந்தாவது கியரிலும் நான்காவது கியரிலும் ஓட்டிப் பார்த்தால், இயந்திரத்தின் வேகம் மாறும், குழாயின் வேகம் மாறாது.

ஐந்து காசு செய்யும் வேலை

குழாய் ஏன் நடுங்க வேண்டும்? முதல் காரணம் சமநிலை இழப்பு. தொழிற்சாலையில் ஒவ்வொரு குழாயையும் சுழற்றிப் பார்த்து, இலேசான பக்கத்தில் சிறு இரும்புத் தகடுகளைப் பற்றவைத்து எடையைச் சமன் செய்கிறார்கள். பத்து வருடத்தில் அப்படி ஒரு தகடு விழுந்துவிடலாம். கல் பட்டுக் குழாய் நசுங்கலாம். தோட்டத்து மண் சாலையில் ஓடும் வேன் என்றால், செம்மண் சேறு ஒரு பக்கத்தில் அப்பிக் காய்ந்திருக்கலாம்.

20 கிராம் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து 20 சென் காசுகளின் எடைதான். அது சுழல் மையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. வட்டப்பாதையில் போகும் பொருளைப் பிடித்து வைக்கத் தேவையான விசை, நிறை பெருக்கல் ஆரம் பெருக்கல் கோண வேகத்தின் இருமடி. நொடிக்கு 50 சுற்று என்றால் கோண வேகம் 314 ரேடியன். 0.02 × 0.04 × 314 × 314. விடை ஏறக்குறைய 79 நியூட்டன். 8 கிலோ அரிசிப் பையைக் குழாயில் கட்டி, அதை நொடிக்கு 50 முறை மேலும் கீழும் பக்கவாட்டிலும் இழுப்பதற்குச் சமம்!

வேகத்தைப் பாதியாக்கி 45-இல் ஓட்டினால் விசை பாதியாவதில்லை, கால் பங்காகிறது, 20 நியூட்டன்தான். “மெதுவா போனா ஒண்ணும் தெரியாது” என்பதன் ஒரு பாதி விளக்கம் இந்த இருமடியில் இருக்கிறது.

மறு பாதி ஒத்ததிர்வில் இருக்கிறது. படிவம் 4 இயற்பியலில் அலைகள் பாடத்தில் ரெசோனன்ஸ் என்று படிப்பீர்களே, அதுதான். கியர்பாக்ஸ், அதைத் தாங்கும் ரப்பர், வேனின் தரைத் தகடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் சொந்த அதிர்வெண் உண்டு. குழாயின் 50 அவற்றில் ஒன்றோடு பொருந்திவிட்டால், சிறு விசையே பெரிய ஆட்டமாகிறது. வேகம் கூடி அந்த எண்ணைத் தாண்டிவிட்டால் ஆட்டம் குறைகிறது. அதனால்தான் 90-இல் இருந்த நடுக்கம் 100-இல் அடங்குகிறது. அடங்கிவிட்டதே என்று 100-இல் ஓட்டுவது மருந்து அல்ல. விசை இன்னும் அதிகமாகத்தான் இருக்கிறது. உங்கள் இருக்கைக்குத் தெரியவில்லை, பியரிங்குக்குத் தெரியும்.

குழாய்க்கும் தனக்கென ஓர் அதிர்வெண் உண்டு. நீளமான மூங்கிலை இரு முனையிலும் பிடித்து ஆட்டினால் நடுவில் வளைந்து ஆடும் அல்லவா? குழாயும் அப்படி வளைந்து சுழலக்கூடிய ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகத்தை எட்டினால் குழாய் கயிறாட்டக் கயிறுபோல வயிறு தள்ளிச் சுழலத் தொடங்கி, முறிந்தே போகலாம். வீணைக் கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்கு. ஆனால் விறைப்பான குழாய்க்கு நீளம் பாதியானால் அதிர்வெண் நான்கு மடங்கு. இந்த ஒரு வாய்ப்பாட்டை நம்பித்தான் நீளமான வேன்களில் குழாயை இரண்டு துண்டாக்கி, நடுவில் ஒரு பியரிங்கை ரப்பர் வளையத்துக்குள் வைத்துத் தொங்கவிடுகிறார்கள். அதை சென்டர் பியரிங் என்பார்கள். ஆபத்தான வேகம் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. பதிலுக்குத் தேய்வதற்கு இன்னொரு உறுப்பு கிடைத்துவிடுகிறது.

ஹூக் செய்த மூட்டு

பின் அச்சு ஸ்பிரிங் மீது அமர்ந்திருக்கிறது. சாலை மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். கியர்பாக்ஸோ வண்டியோடு நிலையாக இருக்கிறது. ஆகவே குழாய் சாய்ந்தபடியே சுழல வேண்டும். அதற்குத்தான் இரு முனையிலும் யூ-ஜாயின்ட். இரண்டு கவைகள், நடுவில் சிலுவை வடிவில் ஒரு துண்டு. பட்டறையில் அதை கிராஸ் என்பார்கள். சிலுவையின் நான்கு கைகளிலும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் அடுக்கிய பியரிங்.

ஸ்பிரிங் நீட்சி விதியில் நீங்கள் படித்த அதே ராபர்ட் ஹூக்கை நினைவிருக்கிறதா? 17-ஆம் நூற்றாண்டில், வானியல் கருவிகளைச் சாய்வான அச்சில் திருப்புவதற்காக இந்த மூட்டைப் பற்றி எழுதியவர் அவர். சூரியனை நோக்கும் கருவிகள் குறித்து 1676-இல் அவர் வெளியிட்ட நூலில் இது வருகிறது. இன்றும் ஆங்கில நாடுகளில் இதற்கு ஹூக் மூட்டு என்று பெயர். இத்தாலியரான கார்டானோவின் பெயரால் கார்டன் மூட்டு என்பவர்களும் உண்டு.

இந்த மூட்டுக்கு ஒரு வினோத குணம். ஒரு பக்கம் சீராகச் சுழற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். சாய்வு 3 பாகை என்றால் 3,000 என்பது 2,996-க்கும் 3,004-க்கும் இடையில் ஊசலாடும், யாருக்கும் தெரியாது. 10 பாகை என்றால் 2,954-க்கும் 3,046-க்கும் இடையில். அது தெரியும். சுற்றுக்கு இரண்டு முறை என்பதால், நொடிக்கு 50 சுற்றில் இந்தத் துடிப்பு 100. மூன்றாவது எண் வந்துவிட்டது.

இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? மறுமுனையில் அதே சாய்வில் இன்னொரு மூட்டு. முதல் மூட்டு முந்தும்போது இரண்டாவது பிந்தினால், கடைசியில் சீரான சுழற்சி. ஆனால் இரண்டு நிபந்தனைகள்: இரு சாய்வுகளும் சமமாக இருக்க வேண்டும், குழாயின் இரு கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். அவசரமாகக் கழற்றி, பல் மாற்றி மாட்டினால் கவைகள் தளம் மாறிவிடும். ரத்தாக வேண்டியது ரத்தாகாது. மோசமாகத் தவறினால் ஒன்றோடு ஒன்று சேர்ந்து இரட்டிப்பாகும். நல்ல மெக்கானிக் குழாயில் கைவைப்பதற்கு முன் வெள்ளைப் பெயின்டால் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு கோடு இழுப்பது இதற்காகத்தான். அந்த ஒரு தூரிகைக் கோட்டை வைத்தே பட்டறையின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்பது என் கருத்து.

இங்கே இன்னொரு துப்பு கிடைக்கிறது. காலி வேனில் நடுக்கம் இல்லை, பத்துப் பன்னிரண்டு பேர் ஏறியதும் வருகிறது என்றால், பின் ஸ்பிரிங் அமுங்கிச் சாய்வு மாறுகிறது என்று பொருள். குழாயை எத்தனை முறை சமன் செய்தாலும் அது போகாது. தளர்ந்த ஸ்பிரிங்கையோ கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பரையோ பார்க்க வேண்டும்.

நாளுக்கு 150 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓடும் வேன் பத்து ஆண்டில் நான்கரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். கிலோமீட்டருக்குக் குழாய் 2,000 சுற்று. மொத்தம் 90 கோடிச் சுற்று. அந்த ஊசி உருளைகளோ முழுதாக உருள்வதே இல்லை. ஒரு சிறு கோணத்துக்குள் முன்னும் பின்னும் மட்டுமே அசைகின்றன. கிரீஸ் வற்றியதும் ஒவ்வோர் ஊசியும் தான் நிற்கும் இடத்தில் சிலுவையின் கையில் ஒரு வரிப்பள்ளம் போட்டுவிடுகிறது. கழற்றிய பழைய கிராஸில் விரல் நகத்தை ஓட்டினால், சலவைப் பலகைபோலத் தட்டும். முன் கியரிலிருந்து பின் கியருக்கு மாற்றும்போது “டக்” என்று ஒரு சத்தம் வருகிறதா? அந்தப் பள்ளங்களின் இடைவெளிதான் பேசுகிறது.

அந்த டக்கை அலட்சியப்படுத்தக்கூடாது. முன்பக்க மூட்டு ஓடும்போது விட்டுப்போனால் குழாயின் முன் முனை தரையில் விழுந்து சாலையில் குத்தும். பின்னால் இருந்து வண்டி தள்ளிக்கொண்டு வருகிறது. பன்னிரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள். தொழிற்சாலை வேன் போன்ற வணிக வாகனங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோகச் சொல்வது வெறும் சம்பிரதாயத்துக்கு அல்ல.

எண்ணெயில் மின்னும் பொடி

இனி கியர்பாக்ஸ். அதன் வாலில் குழாய் நுழையும் இடத்தில் ஒரு புஷ் இருக்கிறது. மூட்டு நடுங்க நடுங்க அந்த புஷ் தேய்கிறது. புஷ் தேய்ந்தால் குழாயின் முனை ஆடி, எண்ணெய் சீலைக் கிழிக்கிறது. சீல் கிழிந்தால் கியர் எண்ணெய் சொட்டுச் சொட்டாக வெளியேறி, அடியில் உள்ள தாங்கு ரப்பரை நனைக்கிறது.

உங்கள் தாத்தா பாட்டி கெடாவின் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களாக இருக்கலாம். அந்தப் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பர் அதிர்வைத் தாங்குவதில் கெட்டிக்காரன். கோடிக்கணக்கான முறை அமுங்கி விரிந்தாலும் எளிதில் வெடிக்காது. ஆனால் கனிம எண்ணெய் அதற்கு எமன். எண்ணெய் பட்டால் ஊதி, மெதுவாகி, பிய்ந்துவிடும். ரப்பர் அமுங்கினால் கியர்பாக்ஸ் தாழ்கிறது. தாழ்ந்தால் மூட்டின் சாய்வு மாறுகிறது. சாய்வு மாறினால் நடுக்கம் கூடுகிறது. நடுக்கம் புஷ்ஷை இன்னும் தேய்க்கிறது. வட்டம் முழுமையாகிவிட்டது. சீலை மட்டும் மாற்றிவிட்டு வந்தவர்கள் மூன்று மாதத்தில் மறுபடியும் பட்டறை வாசலில் நிற்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

கசிவால் எண்ணெய் குறைவதைப் பலர் கவனிப்பதில்லை. இயந்திர எண்ணெயைப் பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது. சாதாரண கியர்பாக்ஸில் பெரும்பாலும் அது இல்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டு மரையைக் கழற்றி, துளையில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் துளையின் விளிம்பு வரை இருந்தால் சரி.

பழைய எண்ணெயை வடிக்கும்போது, அடி மரையின் காந்தத்தில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசைபோல மெல்லிய இரும்புத் தூள் இருந்தால் வயதுக்கேற்ற தேய்மானம். செதில் செதிலாக எஃகுத் துண்டு இருந்தால் பியரிங்கோ பல்லோ உடைகிறது. கியர்பாக்ஸைத் திறந்தே ஆக வேண்டும். காந்தத்தில் ஒட்டாமல் எண்ணெயில் பொன்பொடிபோல மின்னினால் அது பித்தளை. சின்க்ரோ வளையம் கரைகிறது.

சின்க்ரோ வளையம் என்ன செய்கிறது? கியர் மாற்றும்போது இரு பாகங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. நேரடியாகக் கோத்தால் பற்கள் மோதும். பித்தளை வளையம் கூம்பு வடிவ முகத்தில் உரசி, இரண்டின் வேகத்தையும் முதலில் சமமாக்குகிறது. பிறகுதான் பற்கள் கோக்க வழிவிடுகிறது. 1920-களின் இறுதியில் அமெரிக்காவின் கடிலாக் கார்களில் வந்த ஏற்பாடு இது. அதற்கு முன் ஓட்டுநர்கள் காதால் வேகத்தைக் கேட்டு, கிளட்சை இரண்டு முறை மிதித்து மாற்றினார்கள். வீட்டுக்கு வீடு நின்று ஆள் ஏற்றும் வேனில் இரண்டாவது கியரின் வளையம்தான் பெரும்பாலும் முதலில் போகும். மாற்றும்போது “கரக்” என்று கேட்கும்.

இந்த வளையத்துக்கு எண்ணெயின் வகையும் முக்கியம். ஜிஎல்-5 என்று குறியிட்ட எண்ணெய் ஜிஎல்-4-ஐவிட ‘உயர்ந்தது’ என்று எண் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஜிஎல்-5 டிஃபரன்ஷியலின் கடுமையான அழுத்தத்துக்கானது. அதில் அதிகமாகச் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் வேதிப்பொருள்கள் சில பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். வளையத்துக்கு வேண்டிய உராய்வையும் குறைத்துவிடும். வழவழப்பு கூடினால் எல்லாம் நல்லது என்பது இங்கே பொய்யாகிறது. வண்டியின் கையேடு எதைச் சொல்கிறதோ அதையே ஊற்ற வேண்டும்.

தேய்ந்த கியர்பாக்ஸுக்கு வேன்காரர் முன்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த ஹாஃப்-கட் வண்டியிலிருந்து ஒரு கியர்பாக்ஸ் வாங்கி, ஒரே நாளில் மாட்டிவிடுவது. மற்றது, இருப்பதைத் திறந்து பியரிங், வளையம், சீல் எல்லாம் புதிதாகப் போடுவது. சில நாள் ஆகும். வேன் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வருமானம் இல்லை, ஆட்களை ஏற்ற வேறு வேனுக்குக் கெஞ்ச வேண்டும். அதனால் முதல் வழியே ஈர்க்கும். பல் சக்கரங்கள் நன்றாக இருந்தால் இரண்டாவது வழியே எனக்கு மேலாகப் படுகிறது. வாங்கி வரும் பெட்டிக்குள் யாருடைய தேய்மானம் இருக்கிறது என்பது திறக்கும்வரை தெரியாது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1996-இல் தொடங்கிய இந்தப் பூங்கா மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பத் தொழிற்பூங்கா. இங்கே இன்ஃபினியோன் நிறுவனம் 2024-இல் திறந்த புதிய ஆலையில் சிலிக்கான் கார்பைடு சில்லுகள் தயாராகின்றன. மின்சாரக் கார்களுக்கு மிகவும் தேவைப்படும் சில்லுகள் அவை. அந்தக் கார்கள் பெரும்பாலானவற்றில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் இல்லை, சின்க்ரோ வளையமும் இல்லை. மோட்டார் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சில்லு ஆலைகளில் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய கோடுகளை ஒளியால் வரைகிறார்கள்; வெளியே லாரி போகும் அதிர்வுகூட எட்டாதபடி கருவிகளின் தளத்தைப் பிரித்து அமைப்பது அத்துறையின் வழக்கம். அப்படிப்பட்ட இடத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நொடிக்கு 50 முறை நடுங்கும் வேனில் போய் இறங்குகிறார்கள்.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வேனுக்கு அடியில் படுக்காதீர்கள். ஜாக் மட்டும் தாங்கும் வண்டிக்குக் கீழே மெக்கானிக்கே போகமாட்டார். கைபேசி போதும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் மாணவர்களுக்காக உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில், முடுக்கத்தின் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் பகுதி உண்டு. அடுத்த முறை அம்மா வேலைக்குப் போகும்போது கைபேசியை இருக்கைக்கு அடியில் தரையில் வைத்து, 90-இல் ஓடும்போது பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: உங்கள் கைபேசி நொடிக்கு 100 முறைதான் அளக்கிறது என்றால் 50-க்குக் கீழே உள்ள அதிர்வுகளை மட்டுமே நம்பலாம். 200-க்கு மேல் அளக்கும் கைபேசி என்றால் 100-இல் எழும் முகடும் தெரியும். ஓட்டுநரிடம் டயர் அளவையும், கையேட்டில் உள்ள டிஃபரன்ஷியல் விகிதத்தையும் கேட்டு, உங்கள் வேனுக்குரிய மூன்று எண்களை நீங்களே கணக்கிடுங்கள். முகடு முதல் எண்ணில் இருந்தால் டயர், இரண்டாவதில் இருந்தால் குழாயின் சமநிலை, மூன்றாவதில் இருந்தால் மூட்டும் சாய்வும். ஒன்றுக்கு மேற்பட்ட முகடு தெரிந்தால் முதலில் டயர் கடைக்குப் போகச் சொல்லுங்கள், அதுதான் மலிவு.